காணாக்கடியும் காக்காக்கடியும்

இறால் தொக்கோ கருவாட்டுக் குழம்போ சாப்பிட்ட ராத்திரி உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிப்பெடுத்தால், "காணாக்கடிதான், பயப்படாதே" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பத்தா வெற்றிலையில் நாலு மிளகை மடித்து வாயில் திணித்துவிட்டு, சொறியவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டே விடியும்வரை கதை சொல்லுவாள், அந்தக் காரமும் கதையும் சேர்ந்துதான் எங்களுக்கு வைத்தியம்.

இறாலின் புரதத்தைப் பகையென்று எண்ணிய உடம்பு ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருக்கிறது, அடுத்த முறை இறால் உள்ளே போனதும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்ட, ரத்தக் குழாய்கள் கசிந்து தோல் தடிக்கிறது என்பதெல்லாம் பின்னால் படித்தது. பெரும்பாலான தடிப்புகள் சில மணி நேரத்தில் தாமே அடங்கிவிடும். நல்ல பெயர் மிளகுக்குப் போயிற்று.

ஆனால் அதே கசிவு தொண்டையை அடைத்து, மூச்சுக்குழல் இறுகி, ரத்த அழுத்தமும் சரிந்தால் உயிருக்கே ஆபத்து. கடல் சாமந்தியின் நஞ்சை ஒருமுறை தாங்கிய நாய், சில வாரம் கழித்து மறுபடி கொஞ்சம் செலுத்தியதும் சுருண்டு இறந்ததை பிரான்சில் ரிஷே, போர்ட்டியர் என்ற ஆய்வாளர்கள் 1902-லேயே எழுதிவிட்டார்கள், அதற்காக ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசும் கிடைத்தது. எங்கள் ஊரிலோ அதற்கு எவ்வளவோ காலத்துக்குப் பிறகும், குளவி கொட்டி வரப்பிலேயே சாய்ந்தவரைக் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

இன்று தொடையின் வெளிப்புறத்தில் உடனே போடும் அட்ரினலின் ஊசி அப்படிப்பட்டவரைக் காப்பாற்றுகிறது. ஒவ்வாமை வருமென்று பயந்து குழந்தைக்கு வேர்க்கடலையே காட்டாதீர்கள் என்று மேல்நாட்டு மருத்துவர்கள் ஒரு காலத்தில் சொன்னார்கள். கைக்குழந்தைப் பருவத்திலேயே தகுந்த பக்குவத்தில் கொடுத்துவந்தால் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று 2015-ல் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியதும், அவர்களே அறிவுரையை மாற்றிக்கொண்டார்கள்.

சட்டைத் துணியில் மூடிக் காக்காக்கடி கடித்து நாலு பேர் பங்கிட்ட கடலைமிட்டாயின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் நிற்கிறது, இன்றைய பிறந்தநாள் விழாக்களில் "ஆன்ட்டி, இதுல முந்திரி இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கை நீட்டும் பிள்ளையைப் பார்த்தால் மனசு ஒரு கணம் கனக்கிறது. ஆனாலும் என்ன நோயென்றே தெரியாமல் அன்று போய்ச் சேர்ந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். கேட்கட்டும், பத்து தடவை கேட்கட்டும், நாமும் சலிக்காமல் பதில் சொல்வோம்.