ஃபிளாஷ் அண்ணன்

வெளியில் வைத்துப் படம் எடுக்க ஒரு ஃபிளாஷ் வாங்கப்போகிறார் எங்கள் தெரு அண்ணன். இதை நான் முதலில் கேட்டது 2021 ஆடியில். தள்ளுபடிக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு பல ஆடிகள் வந்து போய்விட்டன. தெருவில் எத்தனையோ பேர் வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். அண்ணனின் வினைமுற்று மட்டும் இன்னும் எதிர்காலத்தைவிட்டு அசையவில்லை. அவருக்கு ‘ஃபிளாஷ் அண்ணன்’ என்று பேர் வந்ததே ஃபிளாஷ் இல்லாததால்தான்.

வார நாட்களில் வங்கி வேலை. ஞாயிறன்று பதினாறு பை வைத்த காக்கி மேல்சட்டை. ஒரு பையில் பென்சில் பேட்டரி, ஒன்றில் ரப்பர் பேண்டு, ஒன்றில் துணி காயப்போடும் கிளிப்பு. நெஞ்சோடு ஒட்டிய பையில் நாலாக மடித்த ஆரஞ்சுக் கண்ணாடித்தாள். சாயங்கால வெயில் மஞ்சளாக இருக்கும், ஃபிளாஷ் வெளிச்சம் வெளுப்பாக இருக்கும். இரண்டும் ஒட்ட வேண்டுமென்றால் ஃபிளாஷ் முகத்தில் அந்தத் தாளைக் கட்ட வேண்டுமாம். தாள் தயார். கட்டுவதற்கு முகம்தான் இல்லை.

அவர் பாடம் நடத்துகிற இடம் டீக்கடை. “பட்டப்பகல்ல எதுக்குண்ணே ஃபிளாஷ்?” என்று யாராவது அப்பாவியாகக் கேட்டுவிட்டால் போதும். உச்சி வெயிலில் கண் இரண்டும் குழி விழுந்து தெரியும். முகத்தை வெளுப்பாக்கினால் வானம் வெந்து போகும். இரண்டையும் காப்பாற்றுவது ஃபிளாஷ்தான் என்பார். அதோடு விடுவாரா? பின்னணி மங்கலாகத் தெரிய அப்பர்ச்சரை 2.8இல் வைத்தால், ஐஎஸ்ஓ 100இல்கூட வெயிலுக்கு ஷட்டர் 1/3200 நொடிக்கு ஓடும். பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் ஒத்துப்போவது 1/200, 1/250 வரைக்கும்தான். அதைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். தாண்டுவதற்கு ‘ஹை ஸ்பீடு சிங்க்’ என்று ஒரு வித்தை உண்டு. ஆனால் அதில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக வெட்டாமல் படபடவென்று துடிக்கும், பலம் பாதிக்கு மேல் கரைந்துவிடும். “அப்ப பவர் வேணும்ல?” என்று அவர் கேட்கும்போது, கேள்வி கேட்டவர் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பார்.

டீ மாஸ்டருக்கு மட்டும் எல்லாம் மனப்பாடம். “ரெண்டடியில ஒரு கிளாஸ் பால்னா, நாலடியில கால் கிளாஸ். அதானண்ணே?” என்று, தூரம் கூடக்கூட வெளிச்சம் குறைகிற கணக்கை அவரே எடுத்துக் கொடுக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், அண்ணன் சொல்வதெல்லாம் சரி. கேமரா தலையில் மாட்டுகிற சின்ன ஃபிளாஷ் வெயிலுக்கு முன்னால் திணறும். கோடாக்ஸ் கம்பெனியின் 200 வாட்-செகண்ட் பெட்டி கைக்கு அடக்கம். குடை மாட்டினால் மூச்சு வாங்கும். 600 என்றால் வெயிலோடு மல்லுக்கட்டும். கனம் சுமார் 3 கிலோ. ஸ்வீடன்காரன் புரோஃபோட்டோவின் விலையைச் சொல்லும்போது அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொள்வார், அண்ணி காதில் விழக்கூடாதென்று. விமானத்தில் லித்தியம் பேட்டரி 100 வாட்-அவருக்குள் இருந்தால் கேள்வி கேட்கமாட்டார்கள், ஆனால் உபரி பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் ஏறியதெல்லாம் வைகை எக்ஸ்பிரஸ்.

போன தையில் என் அக்கா மகள் கல்யாணத்துக்கு முன்னால் மாமல்லபுரம் கடற்கரையில் அவுட்டோர் ஷூட். ஆலோசகராக வந்த அண்ணன், 600ஐ வாடகைக்கு எடுத்து வந்தார். கூடவே ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு சாஃப்ட்பாக்ஸ். காற்று அடித்தால் ஸ்டாண்டு சாயும், காலில் மணல் மூட்டை கட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். போய் இறங்கிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். பை மட்டும் இல்லை.

“நீங்க கெட்டியா பிடிச்சுக்கங்க தம்பி” என்றார்.

பிடித்தேன். கடல் காற்றில் சாஃப்ட்பாக்ஸ் என்பது பாய்மரம். ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு நான் இரண்டு முறை அலைக்குள் போய் வந்தேன். “இன்னும் ஓரடி கிட்டக்க... தலைக்கு மேல... நாப்பத்தஞ்சு டிகிரி” என்று உத்தரவு வந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். முதல் படத்தில் அவர் இடுப்புக்குக் கீழே கறுப்புப் பட்டை. படம் எடுத்த ஸ்டூடியோ தம்பி ட்ரிக்கரில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். அடுத்த படத்தில் வானம் நீலம், அலை வெள்ளை, எங்கள் பெண்ணின் மூக்குத்திகூட மினுங்கியது. பொய் சொல்லக்கூடாது, அருமையான படம். இப்போது அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் என் முழங்கை தெரியும்.

இப்படி ஒரு படம் வந்தபிறகாவது வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது வண்டியில் அண்ணன் யோசனையாகவே இருந்தார். திருவான்மியூர் தாண்டியதும் சொன்னார்: “600 கனம். 200 பத்தாது. ரெண்டு 200 வாங்கி ஜோடி சேத்தா?”

வெளியே எடுத்துப் போகிற ஃபிளாஷுக்கு வாட்-செகண்ட் பார்க்கிறார்கள், ஒத்துப்போகிற வேகம் பார்க்கிறார்கள், பேட்டரி பார்க்கிறார்கள். பிடித்துக்கொள்ள ஆள் யார் என்பதை எந்தக் கடையிலும் கேட்பதில்லை. அண்ணனிடம் அதற்கு மட்டும் விடை இருக்கிறது. வரும் ஞாயிறு விடிகாலை காசிமேட்டில் 200ஐ வாடகைக்கு எடுத்துச் சோதிக்கப்போகிறாராம். ஐந்தரைக்கு வாசலில் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் கேட்டால், நான் ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.