வாசலுக்கு முதல் மாலை

இந்த வாரத் தபாலில் பாதி விளையாட்டு விழா பற்றி, மீதி பூவைப் பற்றி. இரண்டையும் ஒரே சரமாகக் கட்டிவிட்டேன்.

உடற்கல்வி ஆசிரியர், தேனாம்பேட்டை: பள்ளி விளையாட்டு விழா வருகிறது, மாமா. பூ அலங்காரத்துக்கு ஐயாயிரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மேடைக்கா, வாசலுக்கா?

வாசலுக்கு. மேடைப் பூவைக் கிட்டே போய்ப் பார்க்கிறவர்கள் ஜெயித்தவர்களும் தலைவர்களும் மட்டும். வாசல் பூ எல்லாருக்கும் சொந்தம். ஜெயிக்கப் போகிற பிள்ளையும் தோற்கப் போகிற பிள்ளையும் அந்த ஒரே வாசலில்தான் நுழைகிறார்கள்.

தமிழம்மா, அதே பள்ளி: சரி, என்ன பூ வாங்குவது?

விடிகாலையில் கோயம்பேட்டுக்குப் போங்கள். வெயிலில் தாக்குப்பிடிப்பவை சாமந்தி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி. ரோஜா பதினொரு மணிக்கே தலையைத் தொங்கப்போடும். சாயங்கால விழா என்றால் மல்லியை மொட்டாக வாங்கிக் கட்டச் சொல்லுங்கள். இருட்டுகிற நேரத்தில் தானே விரியும், விருந்தாளியும் வாசனையும் சேர்ந்து வருவார்கள். சம்பங்கிக்கும் ராத்திரிதான் மவுசு. நடுநடுவே மரிக்கொழுந்து ஒரு கொத்து. எந்த மைக் செட்டும் இதைவிட நன்றாக ‘வாங்க, வாங்க’ சொல்லாது.

எல்டாம்ஸ் ரோடு வாசகி: பூக்காரம்மாவின் முழம் வரவரச் சின்னதாகிறதே?

நாள் பூராவும் குனிந்து கட்டுகிற கை அம்மா அது. ஷாப்பிங் மாலில் பேரம் பேசியதுண்டா? அங்கே பேசிப் பழகிவிட்டு இங்கே வாருங்கள்.

விழாக்குழு உறுப்பினர், நந்தனம்: டெகரேஷன்காரர் பச்சை ஸ்பாஞ்சில் குத்தித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

‘ஒயாசிஸ்’ என்பார்களே, அதுவா? தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், வாஸ்தவம். நொறுங்கினால் பிளாஸ்டிக் தூளாகி மண்ணிலேயே கிடக்கும், அதுவும் வாஸ்தவம். வாழைத்தண்டைத் துண்டுபோட்டு நிறுத்துங்கள். ஈரம் அதற்குள்ளேயே இருக்கிறது, பூ அழகாகக் குத்தி நிற்கும். சரத்தை நைலான் நூலில் கட்டாமல் வாழைநாரில் கட்டச் சொல்லுங்கள். மறுநாள் மொத்தமும் உரக்குழிக்குப் போகும். ஸ்பாஞ்ச் எங்கே போகும்? கூவத்துக்கு.

டென்னிஸ் ரசிகர், கோபாலபுரம்: விம்பிள்டன் மட்டும் எப்படி அவ்வளவு அழகு?

கிளப்பின் நிறம் பச்சையும் ஊதாவும். அதற்குத் தோதாக ஊதாவிலும் வெள்ளையிலும் பெட்டூனியா தொங்கும். டிவியில் ஸ்கோர் தெரிவதற்கு முன்பே ஊர் தெரிந்துவிடும். அமெரிக்காவின் அகஸ்டா கோல்ஃப் மைதானம் இன்னும் ஒரு படி மேலே. 18 குழிக்கும் செடிகொடிகளின் பெயர், 13-ஆவது குழி ‘அசேலியா’. மைதானம் ஆவதற்கு முன் அது நாற்றுப்பண்ணை. பழைய குடித்தனக்காரரை மறக்காத வீட்டுக்காரர்கள்!

கல்லூரி மாணவி, தேனாம்பேட்டை: ஒலிம்பிக்கில் பதக்கத்தோடு கொடுத்த பூச்செண்டுகளில் உங்களுக்குப் பிடித்தது?

சந்தேகமே இல்லை, டோக்கியோ. 2011 சுனாமியில் சீரழிந்த மூன்று மாகாணங்களின் பூக்களைச் சேர்த்துக் கட்டினார்கள். ஃபுகுஷிமாவின் லிசியாந்தஸ், இவாத்தேயின் நீல ஜென்ஷியன், மியாகியின் சூரியகாந்தி.

அந்தச் சூரியகாந்திக்கு ஒரு கதை உண்டு. சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர், அந்தப் பிள்ளைகள் தஞ்சம் தேடிய குன்றின் மேல் நட்டு வளர்த்த செடி அது. 2021-இல் உலகத்தின் வெற்றியாளர்கள் எல்லாரும் அந்தப் பூவை ஏந்தித்தான் மேடையில் நின்றார்கள். நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்ததை நீங்கள் பத்துத் தடவை பார்த்திருப்பீர்கள். பதினோராவது தடவை பூச்செண்டைப் பாருங்கள்.

அவரே: மற்ற ஒலிம்பிக்குகள்?

ரியோ 2016-இல் பூ வீணாகிறது என்று நிறுத்திவிட்டு ஒரு குட்டிச் சிற்பம் கொடுத்தார்கள். பெய்ஜிங் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் கம்பளி நூலில் பின்னிய பூ. வாடாது, மணக்காது. நான் வாடுகிற கட்சி.

செஸ் பைத்தியம், ஆழ்வார்பேட்டை: 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட் மறுபடி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

180-க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்களை போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரைத் ‘தம்பி’ கைகூப்பி வரவேற்றது. நேப்பியர் பாலமே சதுரங்கப் பலகையானது. கண்ணுக்குக் குறையே இல்லை. நானாக இருந்தால் மூக்குக்கும் ஏற்பாடு செய்வேன். வந்திறங்குகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு மதுரை மல்லி. புவிசார் குறியீடு வாங்கிய பூ, உலகத்தார் முன் நிற்கத் தகுதியுள்ளது. ஆட்ட மேஜையில் மட்டும் வைக்கமாட்டேன். ராணியைக் காப்பாற்ற முழிக்கிறவனை மல்லியால் மயக்குவது மோசடி.

தன்னார்வலர், தி. நகர்: பூ எங்கெல்லாம் கூடாது?

ஓடுபாதை, வார்ம்-அப் இடம், ஆம்புலன்ஸ் வழி, சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப்பாதை. நுழைவில் பூக்கோலம் போட்டால் சுற்றி நடக்க இடம் விடுங்கள். ஈர இதழில் வழுக்கியவர் யாரும் பதக்கம் வாங்கியதில்லை.

தமிழ் ஆர்வலர், மயிலாப்பூர்: ஆட்டத்தில் பூவெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்தானே?

தொல்காப்பியரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்! போருக்கே பூ வைத்தவர்: ஆநிரை கவர வெட்சி, நேருக்கு நேர் மோதத் தும்பை, ஜெயித்தால் வாகை. கட்டத்துக்கு ஒரு பூ வைத்திருந்த பரம்பரை. இன்றைக்கு எல்லாக் கட்டத்துக்கும் ஒரே பொன்னாடை.

ஜல்லிக்கட்டையும் பாருங்கள். வாடிவாசலில் முதலில் வருவது கோயில் காளை. மாலையும் சந்தனமுமாக வரும், ஒருவரும் தொடமாட்டார்கள். மரியாதை முதலில், மல்லுக்கட்டு அப்புறம்.

தாளாளரின் உதவியாளர் (ஊர் வேண்டாம் என்கிறார்): சிறப்பு விருந்தினருக்கு ஆளுயர ரோஜா மாலை போடவேண்டும் என்கிறார்களே?

போட்ட மறு நிமிடம் கழற்றி உங்கள் கையில்தான் கொடுப்பார், தயாராக இருங்கள். மாலையைப் பாதியாகக் குறையுங்கள். மிச்சக் காசில் விடியற்காலையிலேயே வந்து சுண்ணாம்புக் கோடு போட்டவருக்கு ஒரு நல்ல சாமந்தி மாலை வாங்குங்கள். அவர் கழற்றமாட்டார், வீடு வரைக்கும் போட்டுக்கொண்டு போவார்.

இல்லத்தரசி, வெள்ளாள தேனாம்பேட்டை: எனக்கும் இதெல்லாம் கற்றுக்கொள்ள ஆசை. எங்கே போக?

காலாற நடந்தால் கதீட்ரல் ரோடு. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்தில் 2010-இல் திறந்த செம்மொழிப் பூங்கா, அங்கே மலர்க் கண்காட்சியும் நடக்கிறது. 1835-இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இயங்கி வந்ததும் அதே சாலையில்தான். தோசை போய்ப் பூ வந்த சாலை!

ஏழாம் வகுப்பு மாணவன், தேனாம்பேட்டை: மாமா, நான் 100 மீட்டரில் கடைசி. எனக்கும் பூ உண்டா?

வாசலில் பன்னீர் தெளித்து ஒரு ரோஜா கொடுத்திருப்பார்களே, அது உனக்கும்தான். ஓடுவதற்கு முன்பே கொடுத்தது, திருப்பிக் கேட்க முடியாது. அடுத்த வருஷம் ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடு.