மீசையும் ஒரு பென்னி காசும்

இங்கிலீஷில் Poirot என்று எழுதியிருப்பதை அப்படியே எழுத்துக்கூட்டினால் ‘பொய்ரோ’ என்று வரும். பொய்யைப் பிடிக்கிற துப்பறிவாளருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர், தமிழ் தெரிந்திருந்தால்கூட அவரைப் படைத்த நாவலாசிரியை அகதா கிறிஸ்டிக்குத் தோன்றியிருக்காது. சரியான உச்சரிப்பு புவாரோ. ஹெர்க்யூல் புவாரோ. பெல்ஜியக்காரர். பிரெஞ்சுக்காரரா என்று கேட்டுப் பாருங்கள், பிணத்தை அப்படியே போட்டுவிட்டு முதலில் உங்களைத் திருத்துவார்.

1989 முதல் 2013 வரை பிரிட்டனின் ஐடிவி சேனலில் தொடராக 70 கதைகள். அத்தனையிலும் நடிகர் டேவிட் சூஷேதான் புவாரோ. அந்தப் பக்கமே போகாதே என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். தம்பியோ உட்கார்ந்து புவாரோவின் குணங்களை நம்பர் போட்டு எழுதினார். மொத்தம் 93. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்களே பத்துப் பொருத்தத்தோடு விட்டுவிடுகிறார்கள்!

அந்த டக் டக் நடை இருக்கிறதே, அது இன்னும் விசேஷம். நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் எழுதிவைத்த யோசனை ஒன்று சூஷேக்கு ஞாபகம் வந்தது. ஒரு பென்னி காசைப் பின்பக்கத்தில் (ஆமாம், நீங்கள் நினைக்கிற அதே இடத்தில்) இடுக்கிக்கொண்டு, கீழே விழாமல் வீட்டுத் தோட்டத்தில் நடந்து பழகினார். காசுக்காக நடித்தவர்கள் உலகத்தில் ஏராளம். காசை இடுக்கி நடை பழகியவர் இவராகத்தான் இருப்பார்.

லண்டன் அலுத்தால் புவாரோவுக்கு வெளிநாடு. கடல் என்றால் வயிற்றைப் பிரட்டும், மணல் பளபள ஷூவுக்கு ஆகாது, ஆனாலும் கிளம்பிவிடுவார். நைல் நதிக் கொலைக் கதையை எகிப்துக்கே போய், ‘சூடான்’ என்ற நிஜ நீராவிக் கப்பலில் எடுத்தார்கள். தொப்பைக்காக உள்ளே திணித்த மெத்தை, மேலே கோட்டு, கழுத்தில் போ டை. அந்த வெயிலில் கொலைகாரனைவிட அதிகமாக வியர்த்திருக்க வேண்டியவர் துப்பறிகிறவர்தான்.

மற்றபடி ஊர் விஷயத்தில் தொடர் சொன்னதெல்லாம் புளுகு. ஈராக் அகழாய்வுக் கொலைக் கதையைப் படம் பிடித்தது துனிசியாவில். ‘அப்பாயின்ட்மென்ட் வித் டெத்’ நாவலில் ஜெருசலேமும் பெட்ராவும் வரும். டிவியில் அது சிரியா ஆனது. கேமரா நின்றதோ மொராக்கோவில்! மேஜையில் பூச்சாடி ஓர் அங்குலம் நகர்ந்தால் துடித்துப்போகிற மனிதர், ஒரு நாடே நகர்ந்ததைக் கண்டுகொள்ளவில்லை. இந்த ஓர் இடத்தில் அவர் பொய்ரோதான்.

இவ்வளவு அலட்டலையும் யாருக்குச் சகிக்கவில்லை தெரியுமா? பெற்ற தாய்க்கே. இரண்டாம் உலகப் போர் நேரத்திலேயே புவாரோவைச் சாகடித்து ஒரு நாவல் எழுதிப் பூட்டி வைத்தார் கிறிஸ்டி. வெளியே விட்டது 1975இல். நடுவில் முப்பது வருஷம் அதே ஆளை வைத்துக் கதை எழுதிச் சம்பாதித்தது தனிக் கணக்கு. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது. பிறக்கவே பிறக்காத மனுஷனுக்கு!

டிவியிலும் சாவுக் கதையை முன்கூட்டியே எடுத்து முடித்துவிட்டார்கள். செத்தவர் மறுபடி தொப்பை கட்டி, மீசை ஒட்டி வந்து பாக்கிக் கதைகளை நடித்துக் கொடுத்தார். கடைசிப் படப்பிடிப்பு எங்கே? டெவனில் கிறிஸ்டியின் சொந்தக் கோடை வீடான கிரீன்வேயில். சாகடித்த அம்மாவின் வாசலுக்கே டக் டக்கென்று நடந்து வந்து நின்றார், மீசை ஒரு முடிகூடக் கலையாமல்.