பாசம் பிடித்த வண்டிகள்

பழைய சைக்கிளைக் கெடுப்பது துரு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். துரு அப்பாவி. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் மரியாதையாக இறங்கிப் போய்விடும். இறங்க மறுப்பது பாசம். மாட்டுத் தொழுவத்தில் கேட்பாரற்றுக் கிடந்த வண்டியைக்கூட எப்படியாவது எழுப்பி நிறுத்திவிடலாம். நாற்பது ஆயுத பூஜை பார்த்த வண்டியிடம் நம் பாச்சா பலிக்காது.

பூஜைக்கு முந்தின நாள் நம் ஊரில் ஒரு சைக்கிள் என்ன பாடுபடும் என்பது தெரிந்த கதைதானே. முதலில் தேங்காய் எண்ணெய்க் குளியல். அப்புறம், வீட்டுக் கேட்டுக்கு அடித்ததில் மிச்சமிருக்கும் எனாமல் பெயிண்ட். கேட் பச்சை என்றால் சைக்கிளும் பச்சை. டின்னின் அடியில் சில்வர் பெயிண்ட் இருந்தால் ரிம், ஸ்போக்ஸ், மட்கார்டு ஓரம் எல்லாம் சில்வர். பிரஷ் கையில் இருக்கும் உற்சாகத்தில் மணிக்கும் ஒரு பூச்சு. அன்றோடு மணி ஊமை. பெயிண்ட் காய்வதற்குள் சந்தனம், அதன் மேல் குங்குமம். அடுத்த வருடம் அதைத் துடைக்காமல் அதன் மேலேயே அடுத்த கலர். ஒரு வண்டியின் ஹேண்டில் கழுத்தைச் சுரண்டியபோது பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே மெரூன், நடுவில் கல்லாகிப்போன சந்தனம் என்று கீழடிக் குழி மாதிரி அடுக்கடுக்காக வந்துகொண்டே இருந்தது. ஆக அடியில்தான் கறுப்பும், அதன் மேல் முடி கனத்தில் ஒரு பொன் கோடும். அந்தக் கோட்டைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

இந்தப் பழக்கம் எனக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் கொஞ்சம் சைக்கிள் ஓட்டுங்கள் என்றார். இதே ஆலோசனையை 1880-களில் பிராங்க் பவுடன் என்ற ஆங்கிலேயருக்கும் ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஹாங்காங்கில் சம்பாதித்துவிட்டு, உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர் அவர். சைக்கிள் ஓட்டினார், உடம்பு தேறியது. ஓட்டிய வண்டி பிடித்துப்போய், அதைச் செய்த நாட்டிங்ஹாம் பட்டறையையே வாங்கிவிட்டார். பட்டறை இருந்த தெருவின் பெயர் ராலே. அப்படி வந்ததுதான் ராலே சைக்கிள். பவுடன் குலச் சின்னத்தில் இருந்த நாரைத் தலைதான் இன்றைக்கும் பழைய ராலேயின் பல்சக்கரத்தில் எட்டிப் பார்க்கிறது. மருத்துவர் பேச்சைக் கேட்டு அவர் கம்பெனி வாங்கினார், நான் கம்பெனி மறந்துபோன வண்டிகளை வாங்குகிறேன். “உங்களை ஓட்டத்தானே சொன்னார்?” என்று என் மனைவி கேட்பதில் நியாயம் உண்டு. சேகரிப்பவன் ஓட்டுவதில்லை. துடைப்பான். துடைப்பதிலும் வியர்க்கத்தான் செய்கிறது.

வேட்டைக்கு நான் போவது சிவகங்கை, காரைக்குடிப் பக்கம். காரைக்குடியில் பழம்பொருள் விற்பதற்கென்றே ஒரு தெரு உண்டு. அங்கே சைக்கிள் கிடைக்கும், ஆனால் அதன் மதிப்பு தெரிந்தவரிடமிருந்து கிடைக்கும். அது வேட்டையில் சேராது. கிராமத்துத் திண்ணைகள்தான் நமக்கு. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. வண்டியை நேராகப் பார்க்கக் கூடாது. தண்ணீர் கேட்க வேண்டும். மழையைப் பற்றிப் பேச வேண்டும். “இது ஓடுமா?” என்று போகிற போக்கில் கேட்க வேண்டும். “ராலேயா?” என்று வாய் தவறிக் கேட்டால் தீர்ந்தது. அதுவரை கோழிக் கூண்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி அந்த நொடியிலிருந்து குலச்சொத்து.

அப்படி ஒரு திண்ணையில்தான் அந்தப் பச்சை ராலேயைப் பார்த்தேன். வீட்டுக் கேட்டும் பச்சை என்பதை நிதானமாகக் கவனித்துக்கொண்டேன். பெரியவருக்கு எண்பது இருக்கும்.

“எங்கப்பா வாங்குனது தம்பி. முப்பத்திரெண்டுல. வெள்ளைக்காரத் தொரைகிட்ட நேரா.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின் சக்கரத்து ஹப்பை வேட்டி நுனியால் துடைத்தேன். அந்த வண்டியில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தது. அந்தக் கம்பெனிக்கு ஒரு நல்ல வழக்கம்: ஹப் செய்த ஆண்டை அதன் உடம்பிலேயே அச்சடித்துவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழை இடுப்பில் கட்டிக்கொண்டு பிறந்த ஜாதி. ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 52 என்று இருந்தது. 52-ல் எந்தத் துரை சிவகங்கையில் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. ஏ.டபிள்யூ. ரகமே 1936-ல்தான் சந்தைக்கு வந்தது என்பதையும் சொல்லவில்லை. பழைய சைக்கிள் வாங்குபவன் சரித்திரம் திருத்தப் போகக் கூடாது. விலை ஏறிவிடும்.

கொடுத்த பணத்தை எண்ணி மடியில் முடிந்துகொண்டவர், வண்டி வேனில் ஏறியபோது ஒரு முறை சீட்டைத் தட்டிக் கொடுத்தார். “பாத்துக்கங்க தம்பி. வருசா வருசம் பெயிண்ட் அடிச்சிருங்க.”

இந்த இடத்தில் சேகரிப்பாளர் உலகத்துப் பஞ்சாயத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1955-லிருந்து பழைய சைக்கிள்களுக்கென்றே வெட்டரன் சைக்கிள் கிளப் என்று ஒன்று இயங்குகிறது. அங்கே தொடங்கி நம் ஊர் வரை இரண்டு கட்சி. வண்டி எந்தக் கோலத்தில் கிடைத்ததோ அந்தக் கோலத்திலேயே பாதுகாக்க வேண்டும் என்பது ஒன்று. பட்டறையை விட்டு வந்த நாளில் இருந்த கோலத்துக்குத் திருப்ப வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கட்சிக்காரர்கள் பண்பாளர்கள், ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்குக் கிடைப்பது நாட்டிங்ஹாம் நிலவறையில் தூங்கிய வண்டி. அங்கே கேட் பெயிண்டும் கிடையாது, ஆயுத பூஜையும் கிடையாது. நான் சுரண்டும் கட்சி. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றால்தான் தொடுவேன் என்கிற இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களோடு எனக்கு ஒட்டாது. 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. ஆலையின் பழைய ஹெர்குலிஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் பிரேமைத் தட்டினால் வரும் நாதத்துக்கு பர்மிங்ஹாம் ஒன்றும் பெரிதில்லை.

ராலேயைப் பிரித்தது என் வீட்டுக்குப் பின் தெருவில் இருக்கும் பாய். ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். இந்த ஊரில் பாதிப்பேர் குரங்குப் பெடல் போட்டு முழங்கால் உரிந்தது அவருடைய வண்டிகளில்தான். நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் அதைப் பார்க்க மாட்டார். என்னைத்தான் பார்ப்பார்.

“இந்த மாதிரி வண்டியெல்லாம் நான் கிலோ கணக்குல இரும்புக்கடைக்குப் போட்டவன் தம்பி.”

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொல்லுவார்.

பழைய வண்டியில் கழற்றக் கஷ்டமானது பெடல் தண்டை அச்சோடு பிணைத்திருக்கும் காட்டர் பின். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஒரு பக்கம் சரிவாகச் சீவிய இரும்பு ஆப்பு அது. அறுபது எழுபது வருடம் மிதித்த மிதியெல்லாம் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. அச்சும் அதுவும் ஒட்டிப் பிறந்தவையோ என்று தோன்றும். நட்டை முழுக்கக் கழற்றாமல் புரி நசுங்காதபடி நுனியோடு விட்டு, இரண்டு நாள் எண்ணெய் விட்டு, தண்டுக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயை முட்டாக நிறுத்தி, மேலிருந்து சுத்தியலால் அடிக்க வேண்டும். பயந்து பயந்து தட்டினால் பின்னின் தலை நசுங்கிப் பரந்துவிடும். அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பாய் குழாயை நிறுத்தினார், பீடியை வாயின் மறு ஓரத்துக்குத் தள்ளினார், ஒரே அடி. பின் பறந்து எதிர்க் கடை டீ பாய்லரில் போய் மோதியது.

“யோசிச்சு அடிச்சா வராது தம்பி” என்றார். டீக்கடைக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்தது மரை. சைக்கிள் உலகமே அங்குலத்துக்கு 24 புரி என்று போய்க்கொண்டிருந்தபோது ராலே தன் வண்டிகளுக்கு மட்டும் 26 புரி வெட்டியது. ஹேண்டில் கழுத்துக் கப்பு, பெடல் அச்சுக் கப்பு எல்லாம் அந்தக் கணக்குதான். கடையில் புதிதாக வாங்கிய கப்பு இரண்டு சுற்று அன்பாகச் சுற்றும், மூன்றாவது சுற்றில் நின்றுவிடும். பலம் கொடுத்தால் பிரேமின் புரி போய்விடும். ஹம்பர் கம்பெனியை 1932-லும், ரட்ஜை 1943-லும் ராலே வாங்கிப் போட்டுக்கொண்டதால், அதற்குப் பிறகு வந்த அந்த வண்டிகளோடும் இதே வழக்குதான். பாய் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். ஒரு சாக்கை இழுத்து வந்து கவிழ்த்தார். பால்ரஸ் குண்டு, கோன், செத்த டைனமோ, எந்தப் பஞ்சாயத்துக்கோ சைக்கிள் வரி கட்டியதற்கு அடையாளமாக வண்டியில் மாட்டிய வில்லைகள் என்று கொட்டியது. அதிலிருந்து கிரீஸ் அப்பிய கப்பு ஒன்றை எடுத்து வைத்தார். கையால் சுற்றினேன். கடைசிப் புரி வரை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கிலோ கணக்கில் போட்டதெல்லாம் பேச்சுக்குத்தான் போலிருக்கிறது. அந்த வில்லைகளை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சீட் விஷயத்தில் மட்டும் பாசத்துக்கு நன்றி சொல்லியாக வேண்டும். மேலே குஞ்சம் வைத்த வெல்வெட் உறை. அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ரெக்ஸின், அதற்குள் மடித்து வைத்த ஒரு துண்டு. அத்தனைக்கும் அடியில் 1866-ல் பர்மிங்ஹாமில் தொழில் தொடங்கிய புரூக்ஸ் கம்பெனியின் தோல் சீட், செப்பு ரிவெட்டுகளோடு, வெயிலே படாமல் பளபளத்துக்கொண்டிருந்தது. மூன்று தலைமுறை உட்கார்ந்தும் யாரும் அதன் மேல் உட்காரவில்லை.

பொன் கோட்டுக்கு ஆள் தேடியதுதான் பெரும்பாடு. கறுப்பு பெயிண்டை ஸ்பிரேயில் அடித்துக் காயவைக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. மட்கார்டின் வளைவோடு நடுங்காமல் கோடு இழுக்கக் கை வேண்டும். ஃபிளெக்ஸ் வந்து போர்டு எழுதும் தொழிலைத் தூக்கிச் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய ஓவியர் ஒருவர் கிடைத்தார். நீள முடி பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்து, சுண்டுவிரலை மட்கார்டின் ஓரத்தில் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்தார். அந்த ஒரு மூச்சில் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போய்ச் சேர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குத்தான் திருப்தி இல்லை.

“செயின் கவர் வெறிச்சுன்னு இருக்கே சார். ‘முருகன் துணை’ன்னு எழுதிரவா?”

“வேண்டாங்க.”

“பேராவது? ஒரு தாமரையாவது?”

தாமரை இல்லாமல் அவரை அனுப்பி வைக்க இரண்டு டீயும், கூலிக்கு மேல் கொஞ்சமும் ஆயிற்று.

வண்டி கூடத்தில் கறுப்பாக நின்றது. பேச்சுக்கு இடமில்லாத அழகு. அப்போதுதான் பெரியவரின் பேரன் வந்தான். சிங்கப்பூரில் வேலை. விடுமுறையில் வந்தவன், ஐயாவின் சைக்கிளோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு என் விலாசத்தைத் தேடிப் பிடித்திருக்கிறான். வண்டியை ஒரு முறை சுற்றி வந்தான்.

“எங்க வண்டி எங்க சார்?”

“இதுதான் தம்பி.”

“எங்க வண்டி பச்சை.”

அது கேட்டுக்கு அடித்த பெயிண்ட், இதுதான் அசல் நிறம், நாட்டிங்ஹாமிலிருந்து இப்படித்தான் வந்தது என்று விளக்கினேன். ஆதாரமாக ஹப்பைத் துடைத்து 52-ஐயும் காட்டினேன். காட்டியது வேறு மாதிரி போய்விட்டது.

“ஐயா முப்பத்திரெண்டுன்னுல்ல சொல்லுவாங்க? ஐயா பொய் சொல்ல மாட்டாங்க சார்.”

உடனே வீடியோ காலில் ஐயாவைப் பிடித்துவிட்டான். திரையில் பெரியவரின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. பேரன் போனை ஹேண்டிலிலிருந்து கேரியர் வரை மெதுவாக ஓட்டிக் காட்டினான். சீட்டைக் காட்டினான். குஞ்சம் இல்லை. மணியை நான் அடித்தேன், கணீரென்று கேட்டது. அதுதான் எனக்கு வினையாக முடிந்தது.

“நம்ம வண்டில மணி அடிக்காதுப்பா” என்றார் பெரியவர். “இது வேற வண்டி. நம்மளோடதை வித்துப்புட்டாரு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். “சரி விடு, வம்பு பண்ணாம வா. ஆனா ஒன்னு. உன் மாமனார் வீட்ல ஒரு ஹம்பர் கெடக்குல்ல, ரெட்டைக் குழாய் போர்க்கு வச்சது, அதைப் பத்தி மட்டும் இந்தாள்கிட்ட மூச்சு விட்றாத.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது ஐயாவுக்குத் தெரியவில்லை. பேரன் என்னைப் பார்த்தான். நான் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அங்கெல்லாம் இந்த வருடம் மழை எப்படி என்று விசாரித்தேன்.