முன்ஜாக்கிரதை முத்தண்ணா

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று டிவியில் சொன்னதுதான் தாமதம், சென்னையில் தெருவுக்கு ஒருவர் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறிவிடுவார். வீட்டில் வைத்த பெயர் எதுவானாலும் தெருவுக்கு அவர் முன்ஜாக்கிரதை முத்தண்ணா. 2015 வெள்ளமும் 2016 வர்தா புயலும் கொடுத்த இருட்டில் பிறந்தது அவருடைய ஞானம்.

பரணில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் மூன்று கட்டை டார்ச், பென்சில் செல் போடும் சின்ன டார்ச், டிரான்சிஸ்டர். அத்தனையிலும் பேட்டரி போட்டு, மேலே ‘அவசரத்துக்கு மட்டும்’ என்று ஒட்டியிருப்பார். அவருடைய அகராதியில் தயார் நிலை என்றால் பேட்டரி உள்ளே இருப்பது. சும்மா கிடக்கும் செல்லுக்குள்ளும் மெல்ல வாயு சேரும், அடைப்பு விடும், ரசாயனம் கசியும் என்பதெல்லாம் அவர் காதில் ஏறாது.

கடையில் அவர் பேட்டரி வாங்கும் அழகே தனி. ஒவ்வொரு செல்லையும் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். கனம் இருந்தால் சத்து இருக்கிறதாம். கடைக்காரர் லித்தியம் பென்சில் செல்லை நீட்டினால், “என்னப்பா, காத்தா இருக்கு!” என்று திருப்பித் தந்துவிடுவார். அல்கலைன் சுமார் 23 கிராம், லித்தியம் சுமார் 15 கிராம். ஆனால் அந்தக் காத்துதான் கசியாமல் 20 வருஷம் வரை தாங்கும். அல்கலைன் 10 வருஷம்வரை போகும். அவர் கடைசியில் வாங்குவது எதை? இருப்பதிலேயே விலை குறைந்த சாதா செல்லை. அது 3 வருஷம் தாண்டினால் பெரிது.

வாங்கியதை ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைப்பார். வெளியே எடுத்ததும் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். தீர்ந்த செல்லை மொட்டை மாடியில் வடாத்தோடு காயவைப்பார். சூட்டில் அது கொஞ்ச நேரம் முழித்துக்கொள்ளும். “பார்த்தியா, உயிர் வந்துடுச்சு!” என்பார். கசிவுக்கும் அந்த வெயில்தான் வழி விடும் என்பதை யார் சொல்வது?

சுவர்க்கடிகாரத்தில் நின்றுபோன செல் டார்ச்சுக்குப் போகும். “கடிகாரம் நாள் முழுக்க ஓடணும், டார்ச் அஞ்சு நிமிஷம்தானே!” என்பது அவர் வாதம். விஷயம் தலைகீழ். டார்ச் கேட்கிற கரன்ட்டில் நூறில் ஒரு பங்குகூடக் கடிகாரத்துக்கு வேண்டாம். டார்ச்சில் தளர்ந்த செல் கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடும். கடிகாரமே கைவிட்ட செல் டார்ச்சில் மினுக்கக்கூட மினுக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது, கரன்ட் போனது. முத்தண்ணா கம்பீரமாக டின்னை இறக்கினார். டார்ச்சின் மூடியைத் திருகினார். அசையவில்லை. துணி சுற்றித் திருகினார். இடுக்கி வைத்துத் திருகினார். திறந்தபோது ஸ்பிரிங் முழுக்கப் பொடி பூத்து, மூன்று கட்டையும் குழலோடு ஒட்டிக் கிடந்தன.

“ஏங்க, வெளிச்சம் காட்டட்டுமா?” என்று சமையலறையிலிருந்து வந்தார் அவர் மனைவி. கையில் பளிச்சென்று ஒரு டார்ச். தீப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் காலி டார்ச், உறை பிரிக்காத நான்கு அல்கலைன் செல். அவ்வளவுதான் அந்த அம்மாவின் பேரிடர் மேலாண்மை. தீபாவளிக்குத் தீபாவளி புது செல் வாங்குவார். பழையது ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் போய்விடும். புதுசையும் பழசையும் ஒரே டார்ச்சில் கலக்க மாட்டார். அல்கலைன் கசிந்த இடத்தைக் கையுறை போட்டு, பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைக்கவும் தெரியும்.

மழைக்கு முன்னால் உங்கள் வீட்டு டார்ச்சின் மூடியை ஒருமுறை திருகிப் பாருங்கள். திறந்தால் செல்லை வெளியே எடுத்து வையுங்கள். திறக்கவில்லையென்றால், நீங்களும் முத்தண்ணாதான்.