கடைவீதியில் நடக்க அனுமதி கோரல்

சம்பந்தப்பட்ட அதிகாரி அவர்களுக்கு,

அந்தச் சம்பந்தப்பட்டவர் யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாததால் பெயர் போடாமல் எழுதுகிறேன். இந்த நாட்டில் ஏ, பி என்று எழுத்து வாங்கிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வாங்கியவை மாகாணத்துக்கு. எழுத்தே கிடைக்காதவை பிரதேச சபைக்கு. ஓரத்தில் நிற்கும் கம்பம் மின்சாரக் கந்தோருக்கு, மறித்து நிற்கும் வாகனம் பொலிசுக்கு. நடந்துபோகிறவன் மட்டும் எந்தக் கந்தோரின் கோப்பிலும் இல்லை. ஆகவே உங்கள் எல்லோருக்குமாக இந்த ஒரே கடிதம்.

கேட்பது சிறிய விஷயம். மஸ்கெலியா கடைவீதியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துபோக எங்களுக்கு அனுமதி தர வேண்டும். இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பதற்கு நடை என்று பெயரில்லை. ஆட்டோவுக்கும் லொறிக்கும் நடுவே உடம்பைச் சாய்த்து நுழைகிறோம். கடை வாசலில் அடுக்கிய பிளாஸ்டிக் வாளிகளைச் சுற்றிக்கொண்டு வீதியில் இறங்குகிறோம். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்ததும் கான் மேல் ஏறி நிற்கிறோம், கானுக்கு மூடி இருந்தால். 10ஆம் திகதி தோட்டத்தில் சம்பளம் போட்ட கையோடு வந்து பாருங்கள். செங்குத்து மலையில் கொழுந்துக்கூடையோடு கால் வழுக்காமல் நிற்கிற பெண்கள், சமதரையில் அரிசிப் பையோடு தடுமாறுவார்கள். மழை வந்துவிட்டால் குடை வேறு. எதிரெதிரே வரும் இரண்டு குடைகளில் ஒன்று மடங்கித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் மடங்குவது தோட்டத்துக் குடைதான்.

இதே வீதி வழியாகத்தான் மார்கழி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் பஸ் பஸ்ஸாகச் சனம் போகிறது. நல்லதண்ணியிலிருந்து 5,000க்கு மேற்பட்ட படிகள். பாதை நெடுக விளக்கு, செங்குத்தான இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, களைத்தால் உட்காரத் தேநீர்க்கடை. ஆகவே 2,243 மீட்டர் உயர மலையில் நள்ளிரவில் ஏறுகிற எண்பது வயதுப் பாட்டிக்குக் கிடைக்கிற வசதி, அடிவாரத்து ஊரில் பட்டப்பகலில் மருந்துக்கடைக்குப் போகிற பாட்டிக்குக் கிடையாது. எங்கள் பாட்டிமாரும் புண்ணியத்துக்காகத்தான் வீதியைக் கடக்கிறார்கள் என்று பதிந்துகொண்டால் ஏதாவது ஒதுக்கீடு வருமா?

உங்களால் முடியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். 1960களின் பிற்பகுதியில் மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலை அணையைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் போனது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்றதும் கோயில், விகாரை, பள்ளிவாசல், கடை எல்லாவற்றையும் கீழே விட்டுவிட்டு ஊர் மேட்டுக்கு ஏறியது. ஓர் ஊரையே கிளப்பி வேறிடத்தில் குடிவைத்த அரசாங்கத்துக்கு, ஓர் ஆட்டோவை மூன்றடி தள்ளி நிறுத்த அரை நூற்றாண்டு போதவில்லை. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் அந்தப் பழைய கட்டடங்களின் மிச்சம் தலைகாட்டும்; வேடிக்கை பார்க்கச் சனம் இறங்கிப் போகும். சின்னப் பிள்ளைகள் கையை விட்டுவிட்டு ஓடும். வயதானவர்கள் நடுவழியில் நின்று, யார் கடை எங்கே இருந்தது என்று நிதானமாக வாக்குவாதம் செய்வார்கள். ஹோர்ன் கிடையாது, வாளி கிடையாது, குறுக்கே நிறுத்திய லொறி கிடையாது. மஸ்கெலியாவில் நடப்பதற்கு ஏற்ற ஒரே கடைவீதி அதுதான். வருடத்தில் பெரும்பகுதி தண்ணீருக்கடியில் கிடப்பது ஒன்றுதான் அதற்குள்ள குறை.

உங்கள் பதிலும் எனக்குத் தெரியும்: காபட் போட்டுத் தருகிறோம். நடக்க வழியில்லை என்றாலும் காபட், கான் நாறுகிறது என்றாலும் காபட். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் வீதி உயர்கிறது, நடைபாதை பள்ளமாகிறது, மழைத்தண்ணீர் கானுக்குப் போகாமல் கடைக்குள் போகிறது. வழவழப்பான வீதியில் வேன்களின் வேகம் வேறு கூடுகிறது. பிறகு வேகத்தடை கேட்டு நாங்கள் இன்னொரு மனு எழுத வேண்டும்.

ஒரு காலத்தை நன்றியோடு நினைவுகூராமல் இருக்க முடியாது. 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகள் தவிர வேறு யாருக்கும் பெட்ரோலும் டீசலும் இல்லை என்று அறிவித்தீர்கள். அன்று வீதி எவ்வளவு அகலம் என்பது எல்லோருக்கும் தெரியவந்தது. ஒரு சதச் செலவில்லாத நகரத் திட்டம். ஆனால் கடைகளில் மாவும் சீனியும் எட்டாத விலைக்குப் போயிருந்ததால் நடந்துபோய் வாங்க ஒன்றுமில்லை. அடுத்த முறை இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டால் நல்லது.

சேலைக்கடை முதலாளிமார் சொல்வது: வாசலில் வாகனம் நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்தான் இந்தக் கடைவீதியின் பிழைப்பு. அவர்களில் எத்தனை பேர் காரை நிறுத்த இடம் தேடுகிறார்கள் என்று முதலாளிமாரே கல்லாவிலிருந்து எட்டிப் பார்க்கட்டும். சென்னை தி.நகருக்குச் சரக்கு எடுக்கப் போனால் பாண்டி பஜாரையும் பார்த்துவிட்டு வரலாம். அங்கே நடைபாதையை அகலமாக்கிக் கார்களின் இடத்தைக் குறுக்கி 2019 நவம்பரில் திறந்தார்கள். அதற்கு முன்பே, 2014இல், போக்குவரத்துக்குச் செலவிடும் பணத்தில் 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று மாநகராட்சி கொள்கை வகுத்துக்கொண்டது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. நடைபாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றும் கலையில் அவர்களும் நமக்கு இளைத்தவர்களில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி, தடையில்லாத நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கிற அகலம். நாங்கள் இரண்டு குடைகளுக்குக் கேட்கிறோம்.

வாகனம் ஒரு பக்கம் மட்டும் நிற்கட்டும். லொறிகள் விடிகாலையிலேயே சாமான் இறக்கிவிட்டுப் போகட்டும். கானை முனை முதல் முனை வரை ஒரே மட்டத்தில் மூடினால் அதுவே நடைபாதை; பஸ் நிற்குமிடத்தில் கடவையை அதே உயரத்துக்குத் தூக்கிவிட்டால் வண்டிதான் ஏறி இறங்க வேண்டும், நாங்களல்ல. இந்த மழை ஊரில் கடைக்குக் கடை தொடர்ச்சியாக ஒரு தகரக் கூரை இருந்தால் இன்னும் விசேஷம். தயவுசெய்து பாதி வேலையில் நிறுத்தாதீர்கள். தோட்டத்தில் நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போடுவார்கள். அந்தக் கணக்கு கொழுந்து பறிக்கிறவர்களோடு நிற்காமல் நடைபாதை போடுகிறவர்களுக்கும் வந்துவிட்டால், நாட்டில் எத்தனை கந்தோரில் முழுப்பேர் விழும்?

இதையெல்லாம் முன்னமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அம்பகமுவ பிரதேச சபையை மூன்றாகப் பிரித்து மஸ்கெலியாவுக்கென்று ஒரு சபை 2018இல்தான் கிடைத்தது. 2023 மார்ச்சில் நாடு முழுக்கச் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலுக்குப் பணமில்லை என்றார்கள். 2025 மே வரை உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. மனு கொடுக்க ஆளில்லாத அந்த இரண்டு வருடமும் வீதி இப்படியேதான் இருந்தது.

நேரில் வந்து பார்வையிடுவதானால் 10ஆம் திகதி பின்னேரம் வாருங்கள். ஜீப்பை எங்கே விடுவது என்ற கவலை வேண்டாம். நடைபாதையில் விடலாம், எல்லோரும் அங்கேதான் விடுகிறார்கள்.

இப்படிக்கு,
கான் ஓரமாக நிற்பவன்,
மஸ்கெலியா.