சாம்பார் முடிச்சும் பசுமை உணவகத் தேர்வியலும்: ஒரு முன்னாய்வு

வெளியே சாப்பிடப் போகிறவர் சுற்றுச்சூழலைக் கெடுக்காத உணவகத்தை எப்படித் தெரிந்தெடுப்பது என்ற வினா, பசி தோன்றிய காலந்தொட்டு இருந்து வருகிறது. அதற்கு முன்பே இருந்தது என்பாரும் உளர். இவ்வாய்வின் எல்லை: தமிழ்நாட்டுச் சைவ உணவகங்கள், காலை ஏழு மணி முதல் சட்னி தீரும் வரை.

சான்றுகள் மூவகைப்படும்: சுவரில் எழுதியவை கல்வெட்டு, மேசைக்கு வந்தவை தொல்பொருள், சப்ளையர் சொன்னவை வாய்மொழி. கல்வெட்டை நம்பற்க. 'நீரைச் சேமிப்போம்' என்னும் வாசகம் ஒழுகும் குழாய்க்கு நேர் மேலேதான் காணக் கிடைக்கிறது (கைகழுவுமிடம், வடக்குச் சுவர், இடமிருந்து இரண்டாம் ஓடு). பச்சைப் பெயர்ப்பலகையும் சான்றாகாது. என்னை? பெயிண்ட் கடையில் பச்சையும் விற்பர் ஆகலின்.

இனிக் கலங்கள். பாக்கு மட்டைத் தட்டு: குற்றமில்லை. வாழையிலை: கழுவ வேண்டாம், மாடு தின்னும். எவர்சில்வர் தட்டின் மேல் வட்டமாக வெட்டிப் போட்ட வாழையிலை: இங்கேதான் அறிஞர் பிளவுபடுகின்றனர். இலை இருப்பதால் தட்டைக் கழுவ வேண்டாம் என்பது கல்லா மரபு. கழுவத்தான் வேண்டும் என்பது வாடிக்கையாளர் மரபு. கழுவியாச்சு சார் என்பது சப்ளையர் மரபு. நரம்பு வரை அச்சிட்டு, மேலே பிளாஸ்டிக் பூசிய காகித இலையும் உண்டு. இது போலி என்று மாட்டுக்குத் தெரிவதில்லை. சில ஆய்வேடுகளில் நெறியாளர் கையெழுத்து விழுவதும் இவ்வாறே.

பார்சலுக்கு வருவோம். 25.6.2018 நாளிட்ட அரசாணை, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. உணவு கட்டும் தாள், மேசையில் விரிக்கும் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாம் அதனுள் அடக்கம். மெல்லியது, தடித்தது என்ற பேதமும் இல்லை. ஆனால், அரசாணை நூற்பா. பார்சல் கட்டுபவர் அதன் உரையாசிரியர். நூற்பாவை உரையாசிரியர் எங்கே கொண்டுபோய் விடுவார் என்பதைத் தமிழறிந்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டு இட்லிக்கு ஒரு சாம்பார், இரண்டு சட்னி, ஆக மூன்று கவர். மூன்றையும் தாங்க இன்னொரு கவர். இவற்றுள் ஆய்வுக்குரியது சாம்பார்க் கவரின் முடிச்சே. அது கட்டத் தெரிந்தவரால் அவிழ்க்க முடியாதபடி கட்டப்படுவது. பல்லால் கடித்துப் பிரிப்பர் ஒரு சாரார்; கத்தரியால் வெட்டுவர் மற்றொரு சாரார்; இரண்டிலும் சட்டையில் தெறிப்பது பொது. முடிச்சு இறுக இறுக உணவகத்தின் பசுமை குறையும் என்று முதலில் கருதினோம். அது பொருந்தாது. நெகிழக் கட்டினால் ஒழுகும். ஒழுகினால் இரண்டாம் கவர் வரும். ஆகவே இறுக்கமே பசுமை என்றும் பாடம் உண்டு (பார்சல் படலம், மூன்றாம் முடிச்சு, கல்லாப் பக்கப் படியில் உள்ளது, சமையற்கட்டுப் படியில் இல்லை, வெள்ளைப் பனியனில் கிடைத்த படி மஞ்சளேறிச் சிதைந்துள்ளதால் அவ்வரியை வாசிக்க இயலவில்லை, பதிப்பாசிரியர் மூவரும் ஒருவரையொருவர் மறுத்து முன்னுரை மட்டும் எழுதியுள்ளனர்). சூழலியல் கருத்தரங்க ஆய்வுக்கோவைகள் முடிச்சைப் பற்றி மௌனம் சாதிக்கின்றன. இடைவேளைத் தேநீர் எந்தக் கப்பில் வந்தது என்பதிலும் அதே மௌனம்.

எஞ்சியிருப்பது தூக்குவாளிச் சோதனை. வீட்டுத் தூக்குவாளியை எடுத்துப்போய் நீட்டுக. அண்டாவிலிருந்து முகந்து ஊற்றித் தந்தால் அது பசுமை உணவகம். பெயர்ப்பலகை எந்த நிறமாயினும் ஆகுக. காலையிலேயே கட்டி அடுக்கிவைத்த சாம்பார்க் கவரை அப்படியே வாளிக்குள் போட்டு மூடினால் அன்று. ஆனால் களத்தில் மூன்றாவது ஒரு நிலையும் எதிர்ப்பட்டது.

"கவரோட வெச்சுரவா, அவுத்து ஊத்திரவா சார்?"

அவிழ்த்து ஊற்றினால் கவர் கடைக் குப்பையில் சேரும்; கவரோடு வைத்தால் நம் வீட்டுக் குப்பையில் சேரும். இரண்டனுள் எது சூழலுக்கு உகந்தது என்பதை ஆராய நிதிநல்கை கோரி விண்ணப்பித்துள்ளோம். விதிப்படி மூன்று படிகள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில்.